இது கோளாறா, குணமா? மலிவு லேப்டாப் மக்கர் செய்தால்

யாராவது “லேப்டாப் போச்சு” என்று கொண்டுவந்து நீட்டினால், போகும்போது அது என்ன செய்துகொண்டிருந்தது என்றுதான் முதலில் கேட்பேன். விளக்கு எரிந்ததா, ஃபேன் ஓடியதா, சார்ஜரில் இருந்ததா, முந்தைய நாள் அப்டேட் ஏதாவது ஏறியதா. பாதி வேலை இந்த விசாரணையிலேயே முடிந்துவிடும்.

குறைந்த விலை லேப்டாப் என்றால் இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்ளும். இது கோளாறா, அல்லது அந்த மெஷினின் குணமே அதுதானா? 4 ஜிபி ராம், போர்டோடு சேர்த்துப் பற்றவைத்த சேமிப்பு, ஒற்றை ஆன்டெனா வைஃபை, பிளாஸ்டிக்கில் திருகிய கீல். விலையைக் குறைக்க வேண்டுமென்றால் தயாரிப்பாளர்கள் கைவைப்பது பெரும்பாலும் இந்த இடங்களில்தான். குணத்தைக் கோளாறு என்று நினைத்து மாதம் ஒருமுறை ஃபார்மட் அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கோளாறைக் குணம் என்று நினைத்துப் பொறுத்துப்போய், கடைசியில் ப்ராஜெக்ட் ஃபைல்களை மொத்தமாக இழந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கீழே இருப்பது விண்டோஸ் 11-ஐ மனதில் வைத்து எழுதியது. 10-இலும் பெரும்பாலும் இதேதான், மெனுக்களின் இடம் கொஞ்சம் மாறும். லேப்டாப் இன்னும் ஆன் ஆகிறது என்றால், எதைத் தொடுவதற்கு முன்னாலும் முக்கியமான ஃபைல்களை வேறு இடத்துக்கு ஒரு நகல் எடுத்துவிடுங்கள். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

## பட்டனை அழுத்தினால் எதுவுமே நடக்கவில்லை

லேப்டாப்பை விட்டுவிட்டு சார்ஜரைப் பாருங்கள். அதே பிளக் பாயின்ட்டில் வேறு எதையாவது செருகிப் பாருங்கள். சுவரிலிருந்து அடாப்டர் வரை தனியாக வரும் கேபிள், அடாப்டர் பக்கம் லேசாக வெளியே வந்திருக்கும். பார்த்தால் தெரியாது, அழுத்தினால்தான் தெரியும்.

டைப்-சி சார்ஜர் என்றால், கையில் இருப்பது லேப்டாப்போடு வந்ததுதானா என்று பாருங்கள். இந்த வகை லேப்டாப்புகள் பெரும்பாலும் 45 அல்லது 65 வாட் கேட்கும். 18 வாட் போன் சார்ஜர் ஓட்டையில் அழகாகப் பொருந்தும், வேலைதான் நடக்காது.

சார்ஜர் சரி என்றால்: சார்ஜர், மவுஸ், பென் டிரைவ் என்று எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை 30 விநாடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்து, சிக்கிக்கொண்ட பவர் சர்க்யூட் முதலிலிருந்து தொடங்கும். பிறகு சார்ஜரை மட்டும் செருகி அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்த லேப்டாப்பின் பேட்டரி அடிமட்டம் வரை இறங்கியிருக்கும். செருகிய உடனே அது எழுந்து உட்காராது.

## விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு

கேப்ஸ் லாக்கை அழுத்துங்கள். விளக்கு மாறி மாறி எரிந்தால் உள்ளே விண்டோஸ் உயிரோடு இருக்கிறது, திரைக்குப் படம் வந்து சேரவில்லை அவ்வளவுதான். அப்போது விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் ஒன்றாக அழுத்துங்கள். திரைக்குப் படம் அனுப்பும் மென்பொருளான கிராஃபிக்ஸ் டிரைவர் மறுபடி தொடங்கும். சிக்கல் டிரைவரில் என்றால் ஒரு சின்ன பீப்போடு படம் திரும்பிவிடும்.

வரவில்லையா? அறை விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சைத் திரையின்மேல் சாய்வாக அடியுங்கள். மங்கலாக ஐகான்கள் தெரிந்தால் படம் வருகிறது, பின்விளக்குதான் எரியவில்லை. எச்டிஎம்ஐ கேபிளில் ஒரு டிவியை மாட்டிப் பாருங்கள். டிவியில் சுத்தமாக வந்தால் பழுது திரையிலோ அதற்குப் போகும் கேபிளிலோ. அந்தக் கேபிள் கீலின் ஓரமாக நுழைந்துதான் மேலே போகிறது. மூடியை முன்னும் பின்னும் அசைக்கும்போது படம் துடித்தால் சந்தேகமே வேண்டாம், கேபிள்தான். திரையை மாற்றச் சொல்லும் கடையில் முதலில் இந்த கேபிளைப் பார்க்கச் சொல்லுங்கள், செலவில் பெரிய வித்தியாசம் வரும்.

கேப்ஸ் லாக் அசையவே இல்லை, அல்லது அது தானாகவே கணக்காகச் சிமிட்டுகிறது, அல்லது பீப் பீப் என்கிறது என்றால் ராம் மீது சந்தேகப்படலாம். எத்தனை முறை என்று எண்ணி வையுங்கள். அந்த எண்ணிக்கைக்கு என்ன அர்த்தம் என்று தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கும். அடி மூடியைத் திறக்கத் தெரிந்தவர் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, ராமை எடுத்து, தங்க நிறப் பற்களை ரப்பரால் மென்மையாகத் துடைத்து, ‘டக்’ என்று சத்தம் வரும்வரை திரும்பச் செருகலாம். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் இது வேலை செய்கிற வைத்தியம். போர்டோடு பற்றவைத்த ராம் என்றால் இதற்கு வழியில்லை.

## சார்ஜ் 80-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது

கோளாறே கிடையாது. பேட்டரி நீண்ட நாள் உழைக்கட்டும் என்று தயாரிப்பாளரின் ஆப் போட்டுவைத்த வரம்பு அது. 60 என்றும் சில மெஷின்களில் இருக்கும். அந்த ஆப்பில் அணைத்துவிடலாம், ஆனால் எப்போதும் சார்ஜரிலேயே இருக்கும் லேப்டாப் என்றால் அப்படியே விடுவதுதான் நல்லது.

## செருகியிருக்கிறது, ஆனால் சார்ஜ் ஏறவில்லை. கூடவே ரொம்ப மெதுவாகவும் இருக்கிறது

இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் எனக்குக் காது நிமிர்ந்துவிடும். ஒருமுறை அக்கா மகள் கொண்டுவந்த லேப்டாப் இப்படித்தான் இருந்தது. வைரஸ் என்று முடிவுகட்டி ஒரு கடையில் விண்டோஸையே மாற்றிக் கொடுத்திருந்தார்கள். அப்போதும் எழுத்துக்கு எழுத்து யோசித்தது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் சிபியு வேகம் 0.4 கிகாஹெர்ட்ஸில் ஆணியடித்த மாதிரி நிற்கிறது. சார்ஜரைப் பிடுங்கினேன், வேகம் எகிறியது. செருகினேன், மறுபடி 0.4.

டெல், எச்பி போன்றவர்களின் உருண்டை முனை சார்ஜர்களில் நடுவே ஊசி மாதிரி ஒரு பின் இருக்கும். “நான் இத்தனை வாட் சார்ஜர்” என்று லேப்டாப்புக்குச் சொல்வது அந்தப் பின்தான். அது வளைந்தாலோ, உள்ளே வயர் அறுந்தாலோ, லேப்டாப் சார்ஜரை அடையாளம் தெரியாத ஆளாகப் பார்க்கும். ஓடுவதற்கு மின்சாரம் எடுத்துக்கொள்ளும், பேட்டரியில் ஏற்றாது, பாதுகாப்புக்காக வேகத்தையும் குறைத்துவிடும். வெளிச்சத்தில் முனையைத் திருப்பிப் பார்த்தால் பின் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. வேறு சார்ஜர் மாற்றியதும் எல்லாம் சரி. அவள் அதை வைத்துக்கொண்டு மூன்று மாதம் ஆன்லைன் தேர்வு எழுதியிருக்கிறாள் பாவம்.

சார்ஜர் சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால் டிவைஸ் மேனேஜரில் (உள்ளே இருக்கும் பாகங்களை விண்டோஸ் பட்டியலிடும் இடம்) பேட்டரீஸ் என்பதை விரித்து, பெயரில் ஏசிபிஐ (ACPI) என்று வரும் பேட்டரியை அன்இன்ஸ்டால் கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் அதைத் தானே திரும்பச் சேர்த்துக்கொள்ளும்.

## பேட்டரி ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை

ஊகம் வேண்டாம், விண்டோஸிடமே கணக்குக் கேட்கலாம். கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து, ஆங்கிலத்தில் பவர்சிஎஃப்ஜி, ஓர் இடைவெளி, சாய்கோடு, அதை ஒட்டியே பேட்டரிரிப்போர்ட் என்று (powercfg /batteryreport) தட்டி எண்டர் கொடுங்கள். ஓர் அறிக்கை உருவாகி, அது சேமிக்கப்பட்ட இடமும் அங்கேயே காட்டப்படும். பிரவுசரில் திறந்து இரண்டு வரியை மட்டும் ஒப்பிடுங்கள்: டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி. முதல் எண் 38,000, இரண்டாவது 17,000 என்றால் பேட்டரி பாதிக்கும் கீழே வந்துவிட்டது, மாற்றும் நேரம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பேட்டரி நன்றாகவே இருக்கிறது. திரை வெளிச்சத்தையும் பின்னால் ஓடும் ஆப்களையும் பாருங்கள். லித்தியம் பேட்டரி சில நூறு முழு சார்ஜ் சுற்றுகளுக்குப் பிறகு தேய்வது இயற்கை.

இன்னொன்று. டச்பேட் திடீரென்று கிளிக் ஆகாமல் கல் மாதிரி இறுகிவிட்டதா? லேப்டாப்பை மேசைமேல் வைத்தால் நான்கு காலும் பதியாமல் ஆடுகிறதா? ஓரத்தில் மூடி பிளந்து நகம் நுழையும் இடைவெளி விட்டிருக்கிறதா? பேட்டரி ஊதியிருக்கிறது. சார்ஜரைப் பிடுங்கி, அணைத்து, அதோடு நிறுத்திவிடுங்கள். அழுத்திச் சமன் செய்வது, குத்திக் காற்றை விடுவது எல்லாம் தீயோடு விளையாட்டு. இது ஒன்றில் மட்டும் நாளைக்குப் பார்க்கலாம் என்பது கிடையாது.

## எதற்கெடுத்தாலும் ஆமை வேகம்

அதிகம் வரும் புகார் இது. கோளாறும் குணமும் அதிகம் குழம்புவதும் இங்கேதான்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். சிபியு பகுதியில் அப் டைம் என்று ஒரு கணக்கு ஓடும். அதில் 20 நாள், 30 நாள் என்று பார்த்தால் ஆச்சரியப்பட வேண்டாம். “தினமும் ஷட் டவுன் பண்றேனே மாமா” என்பார்கள், உண்மைதான். ஆனால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருக்கும்வரை ஷட் டவுன் என்பது அரைத் தூக்கம்தான். விண்டோஸின் உள்பகுதி அப்படியே சேமிக்கப்பட்டு மறுநாள் அதே நிலையில் எழும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுக்கப் புதிதாகத் தொடங்கும். எனவே முதலில் ஒரு ரீஸ்டார்ட். கேலி செய்வார்கள், செய்யட்டும்.

அதற்குப் பிறகும் மெதுவென்றால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதல் இரண்டும் அதே பக்கத்தில் இருக்கும்.

டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது, பெயருக்குக் கீழே எச்டிடி என்று எழுதியிருக்கிறது. சுற்றும் தட்டு வகை ஹார்ட் டிஸ்க். நிமிடத்துக்கு 5400 சுற்று போடும் அந்தத் தட்டில், ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களைத் தேடி முள் ஓடிக்கொண்டே இருக்கும். இன்றைய விண்டோஸுக்கு அது போதாது. இதற்கு ஒரே மருந்து, சுற்றும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி. செட்டிங்ஸில் எதையெதையோ அணைக்கச் சொல்லும் வீடியோக்களைப் பார்த்து நேரத்தை வீணடிக்காதீர்கள். பழைய லேப்டாப்பில் செலவு செய்ய ஒரே ஒரு இடம் என்றால் நான் கைகாட்டுவது இதைத்தான். இரண்டு நிமிடம் எடுத்த மெஷின் அரை நிமிடத்துக்குள் எழுந்து நிற்பதைப் பார்த்தால் உங்களுக்கே புரியும்.

மெமரி எப்போதும் 85, 90 சதவீதம். 4 ஜிபி ராமில் இது குணம். விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்சமே 4 ஜிபி. வாசலைத் தாண்ட அது போதும், உள்ளே நடமாடப் போதாது. மெமரி பகுதியில் ஸ்லாட்ஸ் யூஸ்டு என்ற இடத்தில் இரண்டில் ஒன்று என்று காட்டினால் இன்னொரு ராம் சேர்க்க வாய்ப்பிருக்கிறது; ஆனால் பற்றவைத்த ராமையும் அது ஸ்லாட் என்று எண்ணிவிடும் என்பதால், வாங்குவதற்கு முன் மாடல் எண்ணைப் போட்டுச் சரிபாருங்கள். சேர்க்க வழியில்லை என்றால் பழக்கத்தை மாற்ற வேண்டியதுதான். பிரவுசரில் மெமரி சேவரை ஆன் செய்யுங்கள், எக்ஸ்டென்ஷன்களைக் களையுங்கள். ஸ்டார்ட்அப் ஆப்ஸ் பக்கத்தில் தானாகத் தொடங்கும் சாட் ஆப், கேம் லாஞ்சர், லேப்டாப்போடு வந்த ட்ரையல் ஆன்டிவைரஸ் என எல்லாவற்றையும் நிறுத்துங்கள். விண்டோஸிலேயே டிஃபென்டர் இருக்கும்போது இன்னொரு காவல்காரரை வைத்து இருவருக்கும் சம்பளம் கொடுப்பது இந்த மெஷினுக்குக் கட்டுப்படியாகாது.

சேமிப்பு 64 ஜிபி, அதில் 3 ஜிபிதான் மிச்சம். சின்ன லேப்டாப்புகளில் போர்டோடு பற்றவைத்திருக்கும் இஎம்எம்சி வகைச் சேமிப்புக்கு வரும் தலைவலி. இடம் இல்லாததால் அப்டேட் பாதியில் தோற்கும், தோற்ற அப்டேட்டின் மிச்சம் இன்னும் இடத்தை அடைக்கும். செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் போய் டெம்பரரி ஃபைல்ஸைத் திறங்கள். முந்தைய விண்டோஸின் நகல் அங்கே பல ஜிபிக்கு உட்கார்ந்திருக்கலாம். அது 10 நாளில் தானாகப் போகும், அவசரம் என்றால் நீங்களே நீக்கலாம். ஆனால் நீக்கினால் பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது. அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் என்ற பெட்டியும் இருக்கும். கவனிக்காமல் அதையும் டிக் செய்து சான்றிதழ்களை இழந்தவர்கள் உண்டு. படங்களையும் வீடியோக்களையும் மெமரி கார்டுக்கு மாற்றுங்கள். இஎம்எம்சி-யைக் கழற்றிப் பெரிதாக்க முடியாது.

சரி, மூன்றுமே நன்றாக இருக்கிறது, சிபியு வேகம் மட்டும் 1 கிகாஹெர்ட்ஸைத் தாண்டவில்லை என்றால் மேலே சொன்ன சார்ஜர் கதையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அடுத்த சந்தேகம் சூடு.

## ஃபேன் கத்துகிறது, தொட்டால் சுடுகிறது, நடுவில் தானாக அணைகிறது

எங்கே வைத்து வேலை செய்கிறீர்கள்? மெத்தையிலும் தலையணையிலும் என்றால் அடியில் இருக்கும் காற்று வழி அடைபட்டுவிடும். கெட்டியான பலகை ஒன்றை வைத்துப் பாருங்கள், பாதிப் பேருக்கு இதோடு முடிந்துவிடும்.

ஓராண்டு, ஈராண்டு ஓடிய மெஷின் என்றால் ஃபேனுக்கும் செம்புப் பட்டைக்கும் நடுவில் தூசி, கம்பளி மாதிரி ஒரு படலமாகப் படிந்திருக்கும். மூடியைத் திறந்தால் நகத்தால் உரித்தெடுக்கலாம், அப்படி ஒரு துணியாகவே வரும். காற்றடித்துச் சுத்தம் செய்யும்போது ஃபேன் இறக்கையை ஒரு பல்குத்தும் குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். அதைச் சுற்றவிட்டு வேடிக்கை பார்த்தால் பேரிங் போய்விடும். ஃபேனே இல்லாத மலிவு லேப்டாப்புகளும் நிறைய உண்டு. அவை சூடானால் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அது அவற்றின் குணம்.

## வைஃபை விட்டுவிட்டு வருகிறது

போனில் ஓடுகிறது, லேப்டாப்பில் இல்லை என்றால் ரவுட்டரைத் திட்டாதீர்கள். அந்த நெட்வொர்க்கை ஃபர்கெட் கொடுத்துப் பாஸ்வேர்டைப் போட்டுத் திரும்பச் சேருங்கள். டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரைத் திறந்தால் பவர் மேனேஜ்மென்ட் என்று ஒரு பக்கம் இருக்கும். மின்சாரம் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். வகுப்பு நடுவில் அறுபடும் பிரச்சினைக்கு இது பலமுறை உதவியிருக்கிறது. எதற்கும் மசியவில்லை என்றால் நெட்வொர்க் ரீசெட்.

ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் லேப்டாப்பில் தெரியவே இல்லையென்றால் உள்ளே இருக்கும் கார்டு 2.4 மட்டுமே பிடிக்கும் ரகமாக இருக்கலாம். யுஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்றைச் செருகினால் போதும்.

## எந்தத் தளத்தைத் திறந்தாலும் “பாதுகாப்பானது அல்ல” என்கிறது

வலது மூலையில் தேதியைப் பாருங்கள். சில வருடம் பின்னால் போயிருக்கும். தளங்களின் பாதுகாப்புச் சான்றுக்குத் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி உண்டு. கடிகாரம் தவறினால் எல்லாச் சான்றும் செல்லாததாகத் தெரியும். தேதியைத் திருத்துங்கள். அணைத்து எழுப்பினால் மறுபடி பின்னால் போகிறது என்றால் உள்ளே இருக்கும் கடிகார பேட்டரி தீர்ந்திருக்கிறது. பல மெஷின்களில் அது சிஆர்2032 என்ற 3 வோல்ட் காசு வடிவ பேட்டரி, மாற்றுவது சின்ன வேலை.

## கீகள் வேலை செய்யவில்லை, டச்பேட் துள்ளுகிறது

ஒரு கீயை நீண்ட நேரம் அழுத்தினால்தான் எழுத்து விழுகிறதா? வலது ஷிஃப்ட்டை 8 விநாடி பிடித்திருந்தால் ஃபில்டர் கீஸ் என்ற வசதி விழித்துக்கொள்ளும். யோசித்துக்கொண்டே கையை வைத்திருப்பவர்களுக்கு நடக்கும். செட்டிங்ஸ், ஆக்சசிபிலிட்டி, கீபோர்டில் அணையுங்கள். சில கீகள் மட்டும் செத்திருந்தால் யுஎஸ்பி கீபோர்டு மாட்டி வேலையைப் பாருங்கள், அவசரமில்லை.

சார்ஜரில் இருக்கும்போது மட்டும் டச்பேட் அம்புக்குறி பேய் பிடித்த மாதிரி ஓடுகிறது, பிடுங்கினால் அடங்குகிறது என்றால் டச்பேட்டில் குறையில்லை. மட்டமான சார்ஜர், அல்லது எர்த் இல்லாத பிளக் பாயின்ட்.

## மூடியைத் திறக்கும்போது ‘நறுக்’ என்கிறது

கீலைப் பிடித்திருக்கும் சின்னப் பித்தளைத் திருகுக் குமிழ்கள் பிளாஸ்டிக்கில் பதித்தவை. ஒரு மூலையைப் பிடித்தே தினமும் திறந்தால் ஒரு நாள் பெயர்ந்துவிடும். சத்தம் வந்த அன்றே நிறுத்தினால் எபாக்சி வைத்துச் சரிசெய்யலாம். இன்னும் பத்து நாள் ஓட்டினால் திரை கேபிளும் சேர்ந்து அறுந்து, செலவு இரண்டாகும். இனிமேல் நடுவில் பிடித்துத் திறங்கள்.

## நீலப் பக்கம் வந்து 48 இலக்க எண் கேட்கிறது

பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டுக்குப் பிறகோ, கடையில் போர்டைத் தொட்ட பிறகோ வரும். ஹேக்கிங் என்று பயப்பட வேண்டாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்த லேப்டாப்புகள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும், இது அந்தப் பூட்டின் மாற்றுச் சாவி. போனில் அதே மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, டிவைசஸ் பகுதியில் பிட்லாக்கர் ரெக்கவரி கீயைத் தேடுங்கள். திரையில் காட்டும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்தும் அங்கே இருப்பதும் ஒன்றா என்று பார்த்துவிட்டு எண்ணை அடியுங்கள்.

எந்தக் கணக்கு என்றே நினைவில்லை என்றால்தான் சிக்கல். வாங்கிய நாளில் கடைக்காரர் தன் அவசரத்துக்கு ஒரு மின்னஞ்சலை உருவாக்கிக் கொடுத்து, அதன் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாமல் போன ஒரு லேப்டாப் என்னிடம் வந்தது. சாவி இல்லாமல் அந்த டிஸ்கைத் திறக்க என்னால் முடியவில்லை, வேறு யாராலும் முடியாது. மொத்தமாக அழித்துத்தான் விண்டோஸைப் போட்டோம். உங்கள் லேப்டாப் இப்போது நன்றாக ஓடிக்கொண்டிருந்தால், இந்தப் பக்கத்தை மூடுவதற்கு முன் அந்த எண்ணை எடுத்து ஒரு தாளில் எழுதி, வாங்கிய ரசீதோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.